டிரேட்டனின் 61ஆம் சானெட்: வடிவமும் உத்திகளும் எங்கே ஒன்றுசேர்கின்றன?

முதுகலை_மாணவி:
அனைவருக்கும் வணக்கம். சானெட் என்பது பதினான்கு அடிகள் கொண்ட பாட்டு வகை. ஒரு காதல் சானெட்டின் வடிவத்தையும் உத்திகளையும் ஆராய்ந்து நான் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் மைக்கேல் டிரேட்டன் (1563–1631) 1619இல் வெளியிட்ட 'ஐடியா' தொகுதியின் 61ஆம் பாட்டை எடுத்துக்கொண்டுள்ளேன். பாட்டை அறியாதவர்களுக்காக அதன் பொருளை உரைநடையில் தருகிறேன்.

"வேறு வழியில்லை என்றான பின், வா, முத்தமிட்டுப் பிரிவோம். இல்லை, என் வரையில் முடிந்துவிட்டது. இனி என்னிடமிருந்து உனக்கு எதுவும் கிடைக்காது. இவ்வளவு சுத்தமாக என்னை நானே விடுவித்துக்கொள்ள முடிகிறதே என்று மகிழ்கிறேன், ஆம், மனமார மகிழ்கிறேன். என்றென்றைக்குமாகக் கைகுலுக்கி, நம் உறுதிமொழிகளை எல்லாம் ரத்து செய்வோம். மறுபடி எப்போதேனும் சந்திக்க நேர்ந்தால், பழைய காதலில் துளியும் நம்மிடம் எஞ்சியிருப்பதாக நம் இருவர் முகத்திலும் தெரியக் கூடாது. இப்போது, காதலின் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் வேளையில், நாடி தளர்ந்து வேட்கை பேச்சற்றுக் கிடக்க, மரணப் படுக்கையருகே விசுவாசம் மண்டியிட்டிருக்க, கள்ளமின்மை அவன் கண்களை மூடிக்கொண்டிருக்க, இப்போது நீ மனம் வைத்தால், எல்லோரும் கைவிரித்துவிட்ட அவனைச் சாவிலிருந்து உயிருக்கு இன்னமும் மீட்டுவிடலாம்."

மூன்று நாலடிகளும் ஓர் ஈரடியும் கொண்ட ஆங்கில வகைச் சானெட் இது, ஒன்றுவிட்டு ஒன்று வரும் இயைபு, ஐந்து சீர் கொண்ட அயாம்பிக் அடி, பண்புகளை ஆட்களாக்கிப் பேசும் உருவகம், மோனை. இவை அனைத்தையும் எழுதிக் கொடுத்தேன். "பட்டியல் இருக்கிறது, ஆய்வு இல்லை" என்ற குறிப்போடு வரைவு திரும்பி வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

யாப்புவழி:
உங்கள் பேராசிரியர் புதிதாக ஓர் உத்தியைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் கண்டவை ஒன்றையொன்று எப்படி இழுத்துக்கொண்டு போகின்றன என்பதைத்தான் அவர் கேட்கிறார். அணிகளைச் சற்று நேரம் ஒருபுறம் வைத்துவிட்டு, பாட்டில் யார் யாரைச் சுட்டிப் பேசுகிறார் என்பதை மட்டும் அடியடியாகக் குறித்துப் பாருங்கள்.

முதல் நாலடியில் தன்மை ஒருமைதான் மேலோங்கி நிற்கிறது. 'நான்' மூன்று முறை வருகிறது. போதாதென்று 'என்னை', 'என்', 'என்னையே' என்பனவும் உடன் வருகின்றன. இரண்டாம் நாலடியில் அந்த 'நான்' அடியோடு மறைந்து, 'நம்' இருமுறையும் 'நாம்' இருமுறையும் வருகின்றன; பிரிவை அறிவிக்கும் பகுதியிலேயே இருவரும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்துவிடுகிறார்கள். மூன்றாம் நாலடியில் நானும் இல்லை, நாமும் இல்லை. அவன் நாடி, அவன் படுக்கை, அவன் கண்கள் என்று மூன்று முறை படர்க்கையே வருகிறது. கடைசி ஈரடியில் 'நீ' இருமுறை, 'அவனை' இருமுறை. நான்காம் அடியோடு போன 'நான்' பாட்டு முடியும்வரை திரும்பி வருவதே இல்லை. "நான் மகிழ்கிறேன்" என்று இருமுறை அடித்துச் சொன்னவன், தனக்காகக் கேட்க வேண்டிய இடம் வந்ததும் "என்னைக் காப்பாற்று" என்று சொல்லாமல் "அவனைக் காப்பாற்று" என்கிறான். உங்கள் பட்டியலில் உள்ள உருவகம் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. முகம் கொடுத்துக் கெஞ்ச முடியாத ஒருவன் தனக்குப் பதிலாகப் படுக்கையில் வேறொருவனைக் கிடத்துகிறான்.

இனி வினைகளைப் பாருங்கள். முதல் எட்டு அடிகளில் வா, கைகுலுக்கு, ரத்து செய் என்று ஏவல்களும், 'முடிந்துவிட்டது' என்ற தீர்ந்துபோன கூற்றும் வருகின்றன. ஒன்பதாம் அடிக்குப் பிறகு ஏவலே கிடையாது. விசுவாசம் மண்டியிட்டுக்கொண்டிருக்கிறது, கள்ளமின்மை கண்களை மூடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் நிகழ்ந்துகொண்டிருக்கும் செயல்கள். கண்கள் மூடப்பட்டுவிட்டன என்று சொல்லியிருந்தால் கடைசி ஈரடிக்கு வேலையே இருந்திருக்காது. மூடிக்கொண்டிருக்கும் கைக்கும் மூடிய கண்ணுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் 'மனம் வைத்தால்' என்ற நிபந்தனை நுழைகிறது. ஆக, கட்டளையிலிருந்து நிகழ்காலத்துக்கும் அங்கிருந்து நிபந்தனைக்கும் பாட்டு இறங்கிவருகிறது. குரலில் இருந்த அதிகாரம் ஒவ்வொரு படியிலும் குறைகிறது.

வடிவத்துக்கு வருவோம். இயைபைப் பார்த்தால் நான்கு, நான்கு, நான்கு, இரண்டு என்று பிரியும் ஆங்கில வகை. பொருளைப் பார்த்தால் எட்டு, ஆறு என்று பிரியும் இத்தாலிய வகை; வோல்ட்டா என்று சொல்லப்படும் திருப்பம் ஒன்பதாம் அடியின் 'இப்போது' என்ற சொல்லில் நிகழ்கிறது. அதே 'இப்போது' பதின்மூன்றாம் அடியின் தொடக்கத்தில் மறுபடி வந்து இரண்டாவது திருப்பத்தைத் தொடங்கிவைக்கிறது. இரண்டு வகைகளின் திருப்பங்களையும் ஒரே சொல்லில் கட்டியிருப்பதே இப்பாட்டின் கட்டுமானத் திறன் என்று நான் கருதுகிறேன். கட்டுரையை இங்கிருந்து தொடங்கலாம்.

கரிசல்வாசகன்:
மேலே உள்ள பதிவு நன்று. ஆனால் காலத்தைச் சேர்க்காமல் வடிவத்தை மட்டும் பேசினால் பாதிதான் தெரியும். ஆங்கிலத்தில் மூன்று நாலடியும் ஈரடியும் என்ற அமைப்பை நிலைநாட்டியவர் கவிஞர் சர்ரே பிரபு. அவர் 1547இல் கொல்லப்பட்டுப் பத்தாண்டுகள் கழித்து, 1557இல் டாட்டெல் வெளியிட்ட திரட்டில்தான் அவருடைய பாட்டுகள் பலர் கைக்குச் சென்றன. கவிஞர் சிட்னியின் சானெட் தொகுதி 1591இல் அச்சேறியதும் சானெட் எழுதுவது ஒரு பித்தாகவே பரவியது. டிரேட்டனும் அந்த அலையில் 1594இல் 51 பாட்டுகளோடு வந்தவர். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பதிப்புக்குப் பதிப்பு பழையவற்றை நீக்கியும் திருத்தியும் புதியவற்றைச் சேர்த்தும், 1619இல் 63 பாட்டுகள் கொண்ட தொகுதியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். நாம் பேசும் பாட்டு அந்த 1619 பதிப்பில்தான் முதன்முதலாக வருகிறது. அதாவது பித்து அடங்கி, ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளே அச்சாகிப் பத்தாண்டுகள் ஆகிவிட்ட பிறகு.

இது ஏன் முக்கியம் என்றால், சாகக் கிடக்கும் காதல், அருகில் நிற்கும் பண்புகள் என்ற காட்சி 1619இல் யாருக்கும் புதிதல்ல, தேய்ந்துபோன சரக்கு. முதல் எட்டு அடிகளில் அன்றாடப் பேச்சைக் கொட்டிவிட்டு, ஒன்பதாம் அடியில் திடீரென்று அந்தப் பழைய பெட்டியைத் திறக்கிறார் என்றால், அது தெரியாமல் செய்தது ஆகாது. வீறாப்பாகப் பேசிக்கொண்டிருந்தவன் சொல் கிடைக்காமல் போகும்போது பழகிய பாட்டுமொழிக்குள் ஒளிந்துகொள்கிறான் என்றே நான் வாசிக்கிறேன். அதே தொகுதியின் முகப்பில் வாசகருக்கு எழுதிய சானெட்டில், காதல் உருக்கத்தை மட்டும் தேடி வருபவர் நூலைக் கீழே வைத்துவிடலாம் என்றும், எங்கிருந்தோ வருவித்த பெருமூச்சு தன் நெஞ்சைக் காயப்படுத்தாது என்றும் அவரே சொல்கிறார். பெருமூச்சு வேண்டாம் என்றவர் 61ஆம் பாட்டில் கடைசி மூச்சைப் பற்றி எழுதுகிறார்!

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தொகுதியில் 'ஐடியா' என்ற பெயரில் பாடப்படுபவள் போல்ஸ்வொர்த் ஊர் சர் ஹென்றி குடியரின் மகள் ஆன் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இளமையில் டிரேட்டன் அக்குடும்பத்தின் ஆதரவில் இருந்தவர். ஆன் வேறொருவரை மணந்தார். இச்செய்தியைக் கட்டுரையில் ஒரு வரிக்கு மேல் நீட்டாதீர்கள். வாழ்க்கைக் கதை உள்ளே வந்தால் வடிவம் வெளியே போய்விடும்.

முதுகலை_மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. 'நான், நாம், அவன், நீ' என்ற வரிசையை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. இரண்டு ஐயங்கள். யாப்பைப் பற்றி "அயாம்பிக் பென்டாமீட்டர்" என்று எழுதியதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, பத்தாம் அடியில் நாடி தளர்வது யாருக்கு? காதலுக்கா, வேட்கைக்கா?

யாப்புவழி:
முதல் ஐயத்துக்கு விடை சொல்கிறேன். இரண்டாவதை மற்றவர்களுக்கு விடுகிறேன்.

நம் யாப்பில் நேரும் நிரையும் எழுத்தின் அளவால் அமைகின்றன. ஆங்கிலத்தில் அசை அழுத்தத்தால் அமைகிறது. அழுத்தமில்லாத அசையும் அழுத்தமுள்ள அசையும் மாறிமாறி ஐந்து முறை வந்தால் ஓர் அடி. இந்த ஒழுங்கு எங்கே இருக்கிறது என்று சொல்வதால் பயனில்லை, அது பாட்டு முழுவதும் இருக்கிறது. எங்கே இடறுகிறது என்று காட்டினால் அதுவே ஆய்வு.

முதல் மூன்று அடிகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பத்துச் சொற்கள், பத்தும் ஓரசைச் சொற்கள். முப்பது சொற்களில் ஒன்றுகூட இரண்டசை கொண்டதாக இல்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்ற பேச்சு. நான்காம் அடியில்தான் முதல் நீண்ட சொல் வருகிறது. 'சுத்தமாக' என்ற பொருளுடைய 'கிளீன்லி' அது. சுத்தமாக முடித்துவிட்டேன் என்று சொல்லும் இடத்திலேயே அந்த வெட்டுப் பேச்சு குலைகிறது. இதைத் தற்செயல் என்று ஒருவர் சொல்லலாம்; நான் அப்படி நினைக்கவில்லை.

அடுத்து, பத்தாம் அடி. "வென் ஹிஸ் பல்ஸ் ஃபெய்லிங்" என்று தொடங்குகிறது. ஒழுங்கின்படி மூன்றாம் அசையில் அழுத்தம் விழக் கூடாது, நான்காம் அசையில் விழ வேண்டும். ஆனால் மூன்றாம் இடத்தில் நிற்பது 'பல்ஸ்', அதாவது நாடி. பொருளால் அது அழுத்தம் கேட்கும் சொல். இரண்டு அழுத்தங்கள் அடுத்தடுத்து மோதி, நாடி தளர்வதைச் சொல்லும் இடத்தில் அடியின் நாடியே தப்புகிறது. வாய்விட்டுப் படித்தால் ஒழிய இது பிடிபடாது. ஒன்பதாம் அடியின் 'லாஸ்ட் காஸ்ப்' என்பதிலும் இதே மோதல் உண்டு. அங்கே லகர மோனை மூன்று முறை வந்து மூச்சை இழுத்துப் பிடிக்கிறது.

கடைசி ஈரடியை மறந்துவிடாதீர்கள். முதல் பன்னிரண்டு அடிகளும் பத்தசையில் முடிகின்றன. 'ஓவர்', 'ரிகவர்' என்று முடியும் இறுதி இரண்டில் மட்டும் பதினோராவதாக அழுத்தமில்லாத ஓர் அசை தொங்குகிறது. ஷேக்ஸ்பியரின் ஈரடி பெரும்பாலும் தாழ்ப்பாள் போட்டது போல முடியும். இங்கே கதவு சற்றே திறந்து கிடக்கிறது. அந்த இயைபும் இன்றைய உச்சரிப்பில் முழுமையாகப் பொருந்துவதில்லை. கண்ணுக்குப் பொருந்தும் அளவு காதுக்குப் பொருந்தாது.

அந்திவாசிப்பு:
நாடி யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். பல வகுப்பறைக் குறிப்புகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. இலக்கணப்படி பார்த்தால் நாடி தளர்ந்து பேச்சற்றுக் கிடப்பது வேட்கைதான். ஆனால் கடைசி மூச்சு காதலுடையது என்று முந்தைய அடி சொல்லிவிட்டது. பதினோராம் அடியின் 'அவன் மரணப் படுக்கை' யாருடையது? நோயாளி ஒருவனா, இருவரா?

என் கருத்தில், குழப்பம் அப்படியே இருக்க வேண்டும். காதலும் வேட்கையும் ஒரே ஆள்தான் என்று வைத்தால், படுக்கையைச் சுற்றி விசுவாசமும் கள்ளமின்மையும் மட்டுமே நிற்கின்றன. காட்சி தெளிவாகிறது, ஆனால் தட்டையாகிறது. வேறு வேறு ஆட்கள் என்று வைத்தால், காதல் சாகும் வீட்டிலேயே வேட்கையும் பேச்சிழந்து கிடக்கிறது. கடைசியில் உயிர்ப்பிக்கக் கேட்பது எதை என்ற கேள்வி கூர்மையாகிறது. அந்த 'அவன்' எதைக் குறிக்கிறான் என்று அவள் முடிவு செய்துகொள்ளட்டும் என்று பேசுபவன் விட்டிருக்கிறான்.

இன்னொன்றில் நான் யாப்புவழியோடு மாறுபடுகிறேன். குரலில் இருந்த அதிகாரம் படிப்படியாகக் குறைகிறது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "நீ மனம் வைத்தால் பிழைப்பான்" என்பதன் மறுபக்கம் என்ன? பிழைக்காவிட்டால் பழி உன்மேல். முதல் எட்டு அடிகளில் பிரிவை அறிவித்தவன் அவன். அவளோ ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் பாட்டு முடியும்போது சாவுக்கும் பிழைப்புக்கும் பொறுப்பு அவள் கையில் வந்து விழுந்திருக்கிறது. அதிகாரம் குறைந்ததாகக் காட்டிக்கொண்டே அதை வேறு வழியில் திரும்ப எடுத்துக்கொள்கிறான். இது முழுக்கத் தலைவன் கூற்று என்பதையும், எதிரே நிற்பவளுக்கு இப்பாட்டில் வாயே கொடுக்கப்படவில்லை என்பதையும் கட்டுரையில் கட்டாயம் சொல்லுங்கள்.

யாப்புவழி:
நல்ல மறுப்பு. பழி சுமத்தும் சாயல் அந்த நிபந்தனையில் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆயினும் ஒரு சான்றை முன்வைக்கிறேன். இரண்டாம் அடியில் அவன் அவளை விளிப்பது 'யூ' என்று. பதின்மூன்றாம் அடியில் அது 'தௌ' ஆகிவிடுகிறது. அக்கால ஆங்கிலத்தில் முதலாவது மரியாதையும் விலகலும் உடையது. இரண்டாவது நெருங்கியவரிடமும் கடவுளிடமும் பேசுவது. நீங்கள் என்றும் நீ என்றும் பேசி வளர்ந்த நமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பழி போட நினைப்பவன் விலகி நின்றே போட்டிருக்கலாம். இவன் நெருங்கி வருகிறான். நெருங்கி வந்து பழி போடுவதே இன்னும் கொடியது என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கு என்னிடம் விடை இல்லை, பாட்டிலும் இல்லை.

மருதம்_வாசகர்:
ஒரு சிறு கேள்வி. இதை நம் ஊடலோடு ஒப்பிட்டு எழுதலாமா? பிரிகிறேன் என்று சொல்வதெல்லாம் பிரியாமல் இருப்பதற்காகத்தானே?

கரிசல்வாசகன்:
எழுதலாம், ஆனால் இந்தக் கட்டுரையில் வேண்டாம் என்பது என் கருத்து. ஊடலில் பெரும்பாலும் ஊடுபவள் தலைவி. அங்கே ஊடலுக்குப் பின் கூடல் வரும் என்பதைத் திணை அமைப்பே உறுதி செய்துவிடுகிறது. இங்கே அந்த உறுதியைக் கொடுக்க யாரும் இல்லை. மேலும், இப்பாட்டின் சொற்கள் வீட்டு மொழியைவிட வழக்குமன்ற மொழிக்கு நெருக்கமானவை. 'ரத்து செய்' என்பது கடன்பத்திரத்தைக் கிழித்தெறியும் சொல். 'விடுவித்துக்கொள்' என்பதும், கைகுலுக்கல் என்பதும் ஒப்பந்தம் முடிப்பவர்களின் சொல்லும் செயலும். எட்டு அடிகள் கணக்குத் தீர்ப்பது போலப் பேசிவிட்டு, ஆறு அடிகள் மருத்துவன் கைவிட்ட வீட்டில் நிற்பது போலப் பேசுகிறான். இந்த இரண்டு சொற்களஞ்சியங்களின் மோதலைப் பற்றி ஒரு பத்தி எழுதினால், ஒப்பீட்டைவிட அது பயன்தரும்.

முதுகலை_மாணவி:
கடைசியாக ஒன்று. அவன் உண்மையில் பிரிந்துவிட்டானா இல்லையா என்பதைத் தொகுதியே சொல்கிறதா? பாட்டின் எண் 61 என்றால் அதற்குப் பிறகும் இரண்டு பாட்டுகள் இருக்க வேண்டுமே.

கரிசல்வாசகன்:
இருக்கின்றன. 62ஆம் பாட்டு முடித்தபோதுதான் தொடங்கினேன் என்ற முரணோடு ஆரம்பிக்கிறது. 63ஆம் பாட்டு காதல் தேவனிடம் போர்நிறுத்தம் கேட்டுப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கிறது. எனவே "முடிந்துவிட்டது" என்ற இரண்டாம் அடியின் அறிவிப்பைத் தொகுதியே நம்பவில்லை. ஆனால் 61இல் அவள் என்ன விடை சொன்னாள் என்பதற்கு இவற்றைச் சான்றாகக் கொள்ள முடியாது. 63இல் அவன் பேசுவது அவளோடு அல்ல, காதலோடு.

அந்திவாசிப்பு:
மாணவிக்கு ஒரு செயல்முறை யோசனை. நீங்கள் வைத்திருக்கும் பதிப்பில் பன்னிரண்டாம் அடியின் முடிவில் என்ன நிறுத்தக்குறி இருக்கிறது என்று பாருங்கள். காற்புள்ளியும் கோடும் பதிப்புக்குப் பதிப்பு மாறிமாறி வருகின்றன. ஒன்பதாம் அடியில் 'இப்போது' என்று தொடங்கும் வாக்கியத்துக்கு முதன்மை வினை பதினான்காம் அடியில்தான் கிடைக்கிறது. நடுவில் வருவன எல்லாம் 'கிடக்க', 'இருக்க' என்று தொங்கும் துணைத்தொடர்கள். தமிழில் முதன்மை வினை இறுதியில் வருவது இயல்பு, ஆங்கிலத்தில் அப்படிக் காக்க வைப்பது ஒரு தீர்மானம். அந்த இடத்தில் முற்றுப்புள்ளி விழுந்தால் வாக்கியம் வினையில்லாமல் அறுந்து போகும். நோயாளியும் அங்கேயே இறந்துவிடுவான். காற்புள்ளி இருந்தால் மூச்சு இரண்டு அடிகள் நீள்கிறது, 'மீட்டுவிடலாம்' என்ற வினை வந்து சேரும்வரை. இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து இந்த ஒரு குறியைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள்; உங்கள் பேராசிரியர் பட்டியல் என்று அதைச் சொல்ல மாட்டார்.